ஈச்சம்பாகு அறை

முஹர்ரக்கில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய சந்து.
முத்து வியாபாரி கட்டிய பெரிய வீட்டின் முதுகுப்புறம்
ஜன்னலே இல்லாத ஓர் அறை.
மூட்டை மூட்டையாய் ஈச்சம்பழத்தைக்
கூரை முட்ட அடுக்குவார்களாம்.
மேல் மூட்டையின் பாரத்தில் அடி மூட்டை கசியும்.
தரையில் விரலகல வாய்க்கால்கள்.
பாகு தானே நடந்துபோய்
மூலையில் புதைத்த ஜாடிக்குள் இறங்கும்.
பிழிய ஆள் வேண்டாம்,
பாரமும் வெக்கையும் போதும்.

"நம்ம சேமிப்பு மாதிரி" என்றார் அருளப்பன்.
ஹித் கப்பல் பட்டறையில் பதினெட்டு வருஷம்.
நான் சிரிக்கவில்லை.
வாடகையை மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரி மோசா கறாராகச் சொன்னாள்:
வெளிச்சுவர் மணல் நிறம், அது நகராட்சியுடையது.
கூரைக் கம்புகள் ஆப்பிரிக்காவிலிருந்து
பாய்மரக் கப்பலில் வந்தவை, ஆணி அடிக்காதே.
முற்றத்துப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல்.
உள்ளே நீ என்ன செய்தாலும்
நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நான் பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறவள்.
வேண்டாமென்று திரும்பி வந்த நிறங்கள்
அரை தினாருக்குக் கிடைக்கும்.
பல் டாக்டர் மறுத்த பச்சை,
நோயாளிக்கு இன்னும் குமட்டுமாம்.
திறக்குமுன்னே மூடிய ஜூஸ் கடையின் ஆரஞ்சு.
புதுமாப்பிள்ளை கேட்டு
அவன் அம்மா போனில் ரத்து செய்த கத்தரிப்பூ நிறம்.
யாரும் கேட்காமலே
மெஷின் கோளாறில் பிறந்த ஒரு மஞ்சள்.

கத்தரிப்பூவை முதலில் பூசினோம்.
மூன்றே வாரம்.
சுவர் பாம்பாய்ச் சட்டை உரித்தது,
உள்ளே உப்பு பூத்துக் கிடந்தது.
பூச்சு வேலைக்கு வந்த மொக்லேஸ் தலையில் அடித்துக்கொண்டான்:
"கடல் கல்லு அக்கா இது, மூச்சு விடும்.
நீங்க பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடிட்டீங்க."

சுரண்டினோம். நான்கு வெள்ளிக்கிழமைகள்.
கண்ணிமையில், சோற்றில், தலையணையில்
ஊதாத் தூள்.
பிறகு சுண்ணாம்பு.
அதில் நான் ஒரு புட்டி சொட்டுநீலம் கவிழ்த்தேன்.
வேட்டிக்குப் போடுகிற அளவு இல்லை, மொத்தப் புட்டி.
ஈரத்தில் பயமுறுத்தியது.
காய்ந்தபின்
விடிவதற்குக் கொஞ்சம் முந்தைய வானம்.

டப்பா நிறங்களெல்லாம் மரத்துக்குப் போயின.
கதவு பச்சை.
சிலிண்டர் வைக்கும் அலமாரி ஆரஞ்சு.
ஜன்னலின் ஒரு பலகை மஞ்சள்,
மறு பலகைக்கு மஞ்சள் போதவில்லை, அது கத்தரிப்பூ.
எட்டிப் பார்த்த மோசா
கண்ணை மூட மறந்து நின்றாள்.

தரையை நிரப்பி டைல்ஸ் போடலாம் என்றார்கள் எல்லோரும்.
மனசு வரவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும்.
காசு வரவில்லை.
அதனால் வாய்க்கால்களோடு வாழ்கிறோம்.
நாற்காலியின் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்;
விருந்தாளிகள் சற்றே சாய்ந்து பேசுகிறார்கள்,
அது அன்யோன்யம் போலத் தெரிகிறது.
தவறி விழுந்த பட்டாணி
யோசிக்காமல் மூலைக்கு உருள்கிறது.

ஆகஸ்ட் வந்தது.
வெளியே நாற்பத்தாறு.
அன்றைக்கு மின்சாரம் மூன்று மணி நேரம் போனது.
இருட்டில் அறை மெல்லச் சூடேறி
ஒரு வாசனை விட்டது.
அடுப்பில் ஒன்றுமில்லை.
அருளப்பன் டார்ச்சைத் தரையில் அடித்தார்.

எறும்புகள்.
பச்சைக் கதவின் அடியில் நுழைந்து
வாய்க்காலுக்குள் இறங்கி
வரிசை கலையாமல்
கட்டில் தாண்டி, நாற்காலிக் கால் தாண்டி
மூலைக்குப் போகின்றன.
அங்கே இப்போது வாஷிங் மெஷின்.
அறுபது வருஷத்துக்கு முந்தைய இனிப்பு
யாருக்கு மிச்சமிருக்கிறதோ.

மருந்துப்பொடி டப்பாவைக் கையில் எடுத்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
மெஷினின் ஒரு பக்கம் பிடித்தார்.
மறுபக்கம் நான்.
ஒரு சாண் நகர்த்தி வைத்தோம்.